வடக்கு மூன்றாம் வீதிக்குப் போக வேண்டியவள்

போன வருடம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறாத காலை நேரம். புதுக்கோட்டை பல்லவன் குளத்துக் கரையில், தலையில் தொப்பியும் கழுத்தில் நீல நாடாவில் தொங்கும் ஓர் அட்டையுமாக நின்றுகொண்டிருந்தேன். அட்டையில் 'மரபு நடை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, கீழே என் பெயரைப் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என்னைச் சுற்றிலும் அதே போல அட்டை மாட்டிக்கொண்டு, தூக்கம் கலையாத முகங்களோடு ஒரு கூட்டம்.

எனக்குச் சொந்த ஊர் கந்தர்வக்கோட்டை. வேலை கிடைத்ததும் அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்கு வந்துவிட்டேன். ஒரு பல் மருத்துவமனையில் முன்பக்க மேஜையில் உட்கார்ந்து, "டாக்டர் இப்ப கூப்பிடுவாங்க, உக்காருங்க" என்று நாள் முழுக்கச் சொல்வது என் உத்தியோகம். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள், அது தனிக் கதை. புதுக்கோட்டை எங்களுக்கு எப்போதும் பஸ் மாறுகிற ஊர்தான். ஸ்டாண்டில் இறங்குவோம், முறுக்கு வாங்குவோம், அடுத்த பஸ்ஸில் ஏறுவோம். அந்த ஸ்டாண்டுக்கு அப்பால் ஓர் ஊர் இருக்கிறது என்பதே எனக்கு உறைத்ததில்லை.

பிறகு ஏன் போனேன்? கூட வேலை பார்ப்பவள் ஒருத்தி நச்சரித்து என் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாள். கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று காலை வாரிவிட்டாள். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நான் மட்டும் கிளம்பிவிட்டேன். உள்ளதைச் சொன்னால் அதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் வீட்டில் எனக்கு மூச்சு முட்டும். கொரோனாவின் இரண்டாவது அலையில் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அழுததும் இல்லை. சமைப்பாள், துவைப்பாள், சீரியல் பார்ப்பாள். நான் அப்பா பேச்சை எடுத்தால், குக்கர் விசில் வந்ததா என்று கேட்டு எழுந்து போய்விடுவாள். சொந்தக்காரர்கள் வீட்டில் சாவு என்றாலும் போக மாட்டாள். "எனக்கு யாரு வந்தா?" என்பாள்.  வாஸ்தவத்தில் யாரும் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. தெரு முனையில் தகரம் வைத்து அடைத்திருந்த நாட்கள் அவை.

சரி, நடைக்கு வருகிறேன்.

எங்களை அழைத்துப் போனவர் முப்பது வயது இருக்கும் இளைஞர். வாரநாட்களில் எங்கோ வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மரபு நடை. பேச்சில் சூரர். ஒரே பிரச்சினை, எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்துகொண்டு பேசுவார். "சார், மாடு!" "தம்பி, சாக்கடை!" என்று நாங்கள் மாறி மாறிக் கத்தி அவரைக் காப்பாற்றிக்கொண்டே போனோம். அவர் அசரவே இல்லை.

மன்னர் காலத்தில் ஒரு திவான் இந்த ஊரையே கோடு போட்டுக் கட்டினாராம். நடுவில் பழைய அரண்மனை. அதைச் சுற்றி நாலு பக்கமும் நாலு ராஜ வீதிகள். அந்த வீதிகளுக்கு வெளியே ஒவ்வொரு திசையிலும் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நாலாம் வீதி என்று வரிசையாகப் போகும். "திசையும் நம்பரும் தெரிஞ்சா போதுங்க, புதுக்கோட்டையில யாரும் தொலைஞ்சு போக முடியாது" என்று பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஊரிலேயே முதல் ஆளாகத் தொலைந்து போகப் போகிறவள் நான்தான் என்று அப்போது தெரியாது.

ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். பெண்களுக்கு இந்த மாதிரி நடைகளில் உள்ள பெரிய கஷ்டம் என்ன என்று பெண்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த மருந்துக் கடை அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். அந்தப் புண்ணியவதி தன் வீட்டுக்கே அழைத்துப் போய்க் காட்டினார். திரும்பி வருவதற்குள் கூட்டம் நகர்ந்துவிட்டது. எனக்குப் பதற்றம் இல்லை. அடுத்து எங்கே என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். வடக்கு மூன்றாம் வீதி, முன்னால் தூண் வைத்த பழைய வீடு, உள்ளே முற்றம். அந்த வீட்டுக்காரர்கள் எங்களுக்குக் காலை டிபனும் தருவதாக ஏற்பாடு. தொடர்ந்து படம் எடுத்ததில் என் செல்போன் செத்துக் கிடந்தது. போனால் என்ன, வாய் இருக்கிறதே என்று நடந்தேன்.

திசை தெரியாமல் ஒரு முக்கில் நின்று, ஆட்டோவில் சாய்ந்திருந்த ஒருவரிடம் மூன்றாம் வீதி எங்கே என்று கேட்டேன்.

"எந்த மூணாம் வீதிக்கா?"

வடக்கா, கிழக்கா என்று எனக்கு அந்த நேரத்தில் சுத்தமாக மறந்துவிட்டது. "தூண் வச்ச வீடுங்க. காலையிலேருந்து நெறைய பேரு வந்திருப்பாங்களே, அந்த வீடு" என்றேன்.

அவர் உடனே நிமிர்ந்து நின்றார். முகம் மாறியது. "ஆமாக்கா, எல்லாரும் அங்கிட்டுதான் போறாங்க. நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. வாசல்ல சேர் போட்டிருக்கும்" என்று மெதுவான குரலில் சொன்னார். டிபன் சாப்பிடப் போகிறவளுக்கு இவர் ஏன் இவ்வளவு பவ்யமாக வழி சொல்கிறார் என்று ஒரு நொடி தோன்றியது. மரியாதை தெரிந்த மனுஷர் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அவர் சொன்ன மாதிரியே இருந்தது. தூண் வைத்த வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். படிக்குக் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன. பழைய வீடுகளுக்குள் செருப்போடு போகக் கூடாது என்று வழிகாட்டி கறாராகச் சொல்லியிருந்ததால், அந்தக் குவியலைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நானும் ஓரமாகக் கழற்றி விட்டேன். நாற்காலிகளில் சில ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடந்த களைப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன். தோளில் துண்டு போட்ட ஒருவரைப் பார்த்துச் சிரித்தேன். ஆமாம், பல்லைக் காட்டிச் சிரித்தேன்! இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வாங்க என்றுகூடச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். புதுக்கோட்டைக்காரர்கள் வாய் நிறைய வாங்க வாங்க என்பார்களே, இவருக்கு என்ன வந்தது என்று எனக்குச் சுருக்கென்று கோபம்கூட வந்தது.

தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே போனேன். முற்றத்தைத் தாண்டிய கூடத்தில் ஊதுவத்தி வாசனை அடித்தது. அப்போதுதான் பார்த்தேன். தலைமாட்டில் விளக்கு. வெள்ளை வேட்டி போர்த்தி ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். கன்னத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தது.

 திரும்பி ஓடிவிடலாம் என்று ஒரு கால் பின்னால் வைத்தேன். செல்போனில் சார்ஜ் இல்லாமல் போனதற்கு அன்று நான் கும்பிடாத தெய்வம் இல்லை. இருந்திருந்தால் படம் எடுத்துக்கொண்டேதான் உள்ளே நுழைந்திருப்பேன்.

அதற்குள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்துவிட்டார். அறுபது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் பொட்டு இருந்தது, கலைந்த தலை, கசங்கிய புடவை. நேராக என்னிடம் வந்து, இரண்டு கைகளாலும் என்னைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா... படுத்திருக்கறதப் பாத்தீங்களா..."

வேறு இரண்டு பெண்கள் எங்கள் தோள்களில் கை போட்டார்கள். துக்க வீட்டில் பெண்கள் வளையமாகக் கட்டிக்கொண்டு அழுவார்களே, அந்த வளையத்துக்குள் நானும் இருந்தேன். நான் அந்த வீட்டுக்காரி இல்லை, வழி தவறி வந்தவள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? சொல்ல வந்த வார்த்தைக்குப் பதிலாக அழுகை வந்துவிட்டது. கண்ணில் நீர் வழிகிற நாகரிகமான அழுகை இல்லை. வயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிற அழுகை. அப்பா என்று கத்தினேன் போலிருக்கிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த வீட்டுப் பெரியவருக்காக நான் அழவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் என் அப்பாவுக்காக அழுதேன். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை மூடிக் கட்டி நேராக எரிமேடைக்குக் கொண்டு போனார்கள். எனக்கும் அப்போது தொற்று. ஒரு அறையில் நான், இன்னொரு அறையில் அம்மா. நடுவில் கதவு. யாரும் யாரையும் தொடக் கூடாது. போனில் எல்லோரும் பேசினார்கள், பார்த்து இருங்கள், சத்தாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்கள். ஒரு தோள் கிடைக்கவில்லை. அந்தத் தோள் இத்தனை நாள் கழித்து, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் கிடைத்தது.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் நைசாக விலகப் பார்த்தேன். அந்த அம்மா என் கையை விடவில்லை. தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டதிலிருந்து விஷயம் புரிந்தது. இறந்தவர் அவருடைய கணவர். அன்று விடிகாலையில்தான் நடந்திருக்கிறது. ஒரே மகள் கோயம்புத்தூரில். தகவல் போய்ப் புறப்பட்டுவிட்டாள், இன்னும் வந்து சேரவில்லை. வெளியூர்ச் சொந்தங்களும் இனிமேல்தான் வர வேண்டும். கூடத்தில் இருந்தது அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர்தான். அவர்களுக்கும் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது, பெரியவர்களுக்கு மாத்திரை கொடுப்பது என்று வீட்டு வேலைகள். ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார்கள். என் கையை ஏன் அவர் விடவில்லை என்று எனக்குப் புரிந்தது. என்னைத் தேடுவார்களே என்று ஒரு பக்கம் உதைத்தது. மகள் வருகிறவரை இருப்போம், அப்புறம் வழிகாட்டி திட்டினால் திட்டட்டும் என்று முடிவு செய்தேன்.

வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அழுது முடித்து உட்கார்ந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எப்புடிங்க ஆச்சு?"

நம் ஊரில் எல்லாரும் கேட்பதுதான். நான்கூட முன்பெல்லாம் நினைப்பேன், போன உயிர் போய்விட்டது, இவர்களுக்கு இந்த விசாரணை எதற்கு, இருக்கிறவர்களை ஏன் நோண்டுகிறார்கள் என்று. அன்றைக்கு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டபோதுதான் எனக்கு வேறு மாதிரி பட்டது.

அவர் சொன்னது இதுதான். "காலையில எந்திரிச்சுப் பால் வாங்கிட்டு வந்தாரு. மோட்டாரப் போட்டுட்டு வாசல் சேர்ல உக்காந்தாரு. தொட்டி நெறஞ்சு ஊத்துது. மோட்டார நிப்பாட்டுங்கன்னு அடுப்படியில இருந்து கத்துறேன். ஆளு அசையல. செவிடா ஒங்களுக்குன்னு..."

அந்த இடத்தில் குரல் நின்றுவிடும். அதற்கு மேல் வராது. 'செவிடா ஒங்களுக்கு' என்று கேட்டதுதான் அவர் கணவரிடம் கடைசியாகப் பேசியது. அது அவர் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. கேட்டவர்கள் "நீ என்ன தெரிஞ்சா சொன்ன" என்று தேற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் அடுத்த ஆள் வருவார். அதே கேள்வி, மறுபடி பாலில் ஆரம்பித்து மோட்டாருக்கு வரும். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் நீண்டது. வெளியே வந்து பார்த்ததைச் சொன்னார். தோளைத் தொட்டதைச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்தை நிற்காமல் தாண்டிவிட்டார். ஒருமுறை, "அவரு காதுல விழுந்திருந்தா சும்மா விடுவாரா? பதிலுக்கு நாலு பேச்சு பேசாம இருக்க மாட்டாரு" என்றுகூடச் சொன்னார். சுற்றி இருந்த பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். அவரும் சிரித்தார், உடனே அழுதார்.

எனக்கு அப்போது அம்மாவின் ஞாபகம்தான். அவளிடம் யாருமே எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை. கொரோனா என்று தெரியும், அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். நானும்தான். அவள் கதை ஒரு தடவைகூட வெளியே வரவில்லை.

பிற்பகல் ஆகும்போது மகள் வந்தாள். வாசலிலேயே அவள் அலறல் கேட்டது. அந்த அம்மா என் கையை விட்டுவிட்டு எழுந்து ஓடினார். நான் சுவரோரமாக நகர்ந்தேன். போயிட்டு வாரேங்க என்று சொல்லத் தானாக வாய் திறந்தது. நல்ல வேளை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். துக்க வீட்டில் வந்தவரை வாங்க என்று சொல்வதும் இல்லை, கிளம்பும்போது வருகிறேன் என்று சொல்வதும் இல்லை. வாசலில் அந்தத் துண்டுக்காரர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும், நான் அவர் மேல் கோபப்பட்டதும் அப்போதுதான் உறைத்தது. யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தேன்.

செருப்பை மாட்டக் குனிந்தபோது கழுத்திலிருந்து என்னவோ ஊசலாடியது. நீல நாடா. அட்டை. 'மரபு நடை' என்று கொட்டை எழுத்து.

காலையிலிருந்து அது என் நெஞ்சில்தான் தொங்கியிருக்கிறது. கட்டிக்கொண்டு அழுதபோது அதன் முனை அந்த அம்மா மேல் குத்தியிருக்கும். உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், படித்திருப்பார்கள். ஒருவர்கூட நீ யார் என்று கேட்கவில்லை. எனக்குக் காபிகூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள், பக்கத்து வீட்டில் போட்ட காபி. அந்த வாசலில் வெட்கமும் நன்றியும் ஒன்றாக வந்து நான் கால் நகராமல் நின்றேன்.

தெரு முனையில் வழிகாட்டி ஓர் ஆட்டோவிலிருந்து குதித்தார். பாவம், நடையைப் பாதியில் முடித்து எல்லோரையும் அனுப்பிவிட்டு, நாலு திசை மூன்றாம் வீதிகளிலும் என்னைத் தேடியிருக்கிறார். நான் வந்திருந்தது மேற்குப் பக்கம், மேல மூன்றாம் வீதி. ஆட்டோவில் இருந்தவர் யார் தெரியுமா? காலையில் எனக்கு வழி சொன்ன அதே மனுஷர். "இந்த அக்காதான் சார். நான் எழவுக்கு வந்தவங்கன்னு நெனச்சு அங்கிட்டு அனுப்பிட்டேன்" என்று தலையைச் சொறிந்தார்.

வழிகாட்டி என் முகத்தையும் வாசல் நாற்காலிகளையும் பார்த்தார். அவர் பேச்சு நின்றதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். "தெரிஞ்சவங்களாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா தம்பி" என்றேன். எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை.

திருச்சி வந்து சேர இருட்டிவிட்டது. சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் குளிக்காமல் உள்ளே வரக் கூடாதே. பின்பக்கமாகச் சுற்றிப் போய்த் துவைக்கிற குழாயடியில் துணியோடு உட்கார்ந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள்.

"ஏண்டி, ஊர் சுத்திப் பாக்கப் போனவ தலைக்கு ஊத்திட்டு நிக்கிற? யாரு செத்தா?"

"தெரியலம்மா."

அம்மா என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். நனைந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தெரியாத எழவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாளே, இவளை என்ன செய்வது என்று நன்றாகத் திட்டினாள். துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டினாள். நான் அப்பா என்று கத்தி அழுததைச் சொன்ன இடத்தில் துவட்டுகிற கை நின்றது. 

"நல்லா அழுதியா?" என்று கேட்டாள்.

"நல்லா அழுதேம்மா."

"சரி, சாப்புட வா" என்று போய்விட்டாள். அன்று அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து, சோறு போட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள், அந்த வீட்டில் காரியமெல்லாம் முடிந்திருக்குமா என்று. முடிந்திருக்கும் என்றேன். எழவுக்குப் போனவள் துக்கம் கேட்கவும் போக வேண்டும், அரைகுறையாக விடக் கூடாது என்றாள். தன் சொந்தத் தங்கை மாமியார் சாவுக்கே போகாதவள் சொல்கிறாள்! நான் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் மனம் மாறிவிடுவாளோ என்று பயம். செவ்வாய், வெள்ளி இல்லாமல் அவளே நாள் பார்த்தாள். லீவு போட்டேன். பஸ்ஸில் போகும்போது, "நம்ம யாருன்னு அவங்க கேட்டா என்னடி சொல்லுவ?" என்று ஒரே கவலை. எனக்கும் அதே கவலைதான்.

இந்த முறை மேல மூன்றாம் வீதியைச் சரியாகக் கண்டுபிடித்தேன். வாசலில் நாற்காலிகள் இல்லை, செருப்புகள் இல்லை. அந்த அம்மா கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தார்.

"அட்டை போட்டுக்கிட்டு வந்த பிள்ளைதானே?" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தார். "வாங்கக்கா. உள்ள வாங்க" என்றார்.

அன்றைக்குக் கிடைக்காத அந்த 'வாங்க' எனக்குக் காதில் தேனாக விழுந்தது.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மகள் கோயம்புத்தூர் திரும்பிவிட்டாளாம், கூட வரச் சொல்கிறாளாம், இவருக்கு வீட்டை விட்டு வர மனசில்லையாம். அம்மா முறைப்படி எப்படி ஆச்சு என்று கேட்டாள். அவர் பாலில் ஆரம்பித்து, மோட்டார், தொட்டி எல்லாம் சொன்னார். தடங்கல் இல்லாமல் சொன்னார். கண் மட்டும் கலங்கியது. நான் மெல்ல, அன்றைக்கு நான் யார் என்று தெரியுமா என்று கேட்டேன்.

"அட்டையப் பாத்தேன்ல. வீடு பாக்க வந்த பிள்ளை தெரியாம வந்திருச்சுன்னு தோணுச்சு. ஆனா நீ அழுத அழுகையப் பாத்தா, ஒனக்கும் என்னமோ இருக்குன்னு பட்டுச்சு. அப்பறம் யாரு எவருன்னு கேட்டு என்ன செய்ய?"

சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். அம்மாவின் முழங்கால் மேல் கையை வைத்தார்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு எப்புடிக்கா ஆச்சு?"

 அம்மா குக்கர் விசிலைத் தேடுகிற மாதிரி அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். அது அவள் வீடு இல்லை. எழுந்து போக அடுப்படி இல்லை. முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

"ரசம் கேட்டாருங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா போன் செய்து, வாய் கசக்கிறது, மிளகு ரசம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உடம்பில் காய்ச்சலோடு அம்மா எழுந்து ரசம் வைத்திருக்கிறாள். தூக்குச் சட்டியில் ஊற்றி வாசலில் வைத்ததைப் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அன்று சாயங்காலம் அந்தத் தூக்கு அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அப்பாவை அதற்குள் ஐ.சி.யூவுக்கு மாற்றிவிட்டார்கள். மூடியைத் திறந்தால் ரசம் வைத்தபடியே இருந்திருக்கிறது. அதைக் கொட்ட மனசு வராமல், அப்பா போன சேதி வந்த பிறகும் அலமாரியில் வைத்திருந்தாளாம். நான் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்துக் கிடந்தபோது இவ்வளவும் நடந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தூக்கு இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதை ஏன் புழங்குவதில்லை என்று நான் எத்தனையோ முறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"ஒரு வாய் குடிச்சிருந்தா எனக்கு ஆறிப் போயிருக்கும்ங்க" என்று சொன்னபோது அம்மாவின் குரல் நின்றது. அந்த அம்மாவின் தொண்டையில் நின்ற முள் மாதிரியே இவளுக்கும் ஒன்று, இத்தனை நாள் யாரும் கேட்காததால் அப்படியே கிடந்திருக்கிறது.  அந்த அம்மா எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். என் அம்மா அழுதாள். நான் ஒரு தோளில் கை போட்டேன். மூன்று பேர்தான், ஆனால் வளையம் வளையம்தானே.

கிளம்பும்போது அம்மா, "போயிட்டு வாரேன்" என்றாள். அந்த அம்மா வாசல்வரை வந்தார். இப்போது இருவரும் வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசிக்கொள்கிறார்கள். பாதிப் பேச்சு செத்தவர்களைத் திட்டுவதுதான். அந்த வீட்டுக்காரர் மோட்டாரை அணைக்காததையும், அப்பா சட்டையைக் கழற்றிய இடத்தில் போட்டதையும் சொல்லிச் சொல்லி ஒருவருக்கொருவர் ஆறுதல். போன மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு சாவு. அம்மா எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றாள்.

வடக்கு மூன்றாம் வீதியில் உள்ள அந்தத் தூண் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. வழிகாட்டித் தம்பி ஒவ்வொரு நடைக்கும் செய்தி அனுப்புகிறார், வாங்கக்கா, இந்தத் தடவை கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன் என்று கேலி வேறு. போகத்தான் வேண்டும். அந்த நீல நாடா அட்டை என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இப்போதெல்லாம் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும், உட்கார்ந்து எப்படி ஆச்சு என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கிறவரை நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் என் அம்மா அந்தக் கேள்விக்காக எத்தனை நாள் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.